அறநிறுவனமும் அரசாங்க மானியமும்

பண்டைத் தமிழ்ப் புலவர் கண்ட நூல்வகைகளுள் ஆற்றுப்படை என்பது ஒன்று. வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் பாணனோ, பொருநனோ, கூத்தனோ வழியிடையே வறுமையுற்று வரும் தன்னையொத்த மற்றொருவனைக் கண்டு, செல்லும் வழியும், சேரும் இடமும், பெறும் பேறும் இன்னவென எடுத்துரைத்து அவனை ஆற்றுப்படுத்துவதே அதன் பொருளாம். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தன என்பதை நம் தமிழ் மாணவர் அறிவர். பெற்றவன் தான் பெற்றதை மறைத்துக்கொள்ளாது பெறாதவனுக்கு வழி காட்டுதல் எத்துணைப் பெருந்தன்மை!

இக்கட்டுரையும் ஒருவகை ஆற்றுப்படையே. ஆயினும் யான் பரிசில் பெற்று மீள்பவன் அல்லேன், வெறுங்கையோடு மீண்டவன். வெறுங்கையோடு மீண்டவனுக்கும் வழியைப்பற்றிச் சொல்லத் தகுவது சிறிது உண்டு. எங்கே பள்ளம் உளது என்பதை விழுந்தவனே நன்கறிவான்.

எங்கள் ஊரில் அன்பர் சிலர் சங்கமாகக் கூடிப் பல்லாண்டுகளாக முதியோர் இல்லம் ஒன்றை நடத்தி வருகின்றனர். சென்ற கோடை விடுமுறையில் யான் அங்குச் சென்றபொழுது 23 முதியோர் அவ்வில்லத்தில் இருந்தனர். ஆதரவற்ற மூதாட்டியர் இருவர் இடம் வேண்டிக் காத்திருந்தனர். இடம் இருந்தது; உணவுக்கும் மருந்துக்கும் பணமே இல்லை. அந்நிலையில், முதியோர் இல்லங்களுக்கு அரசாங்கம் மானியம் வழங்குவதாகக் கேள்வியுற்ற காரியதரிசி ஐயா, "தம்பி, நீ கல்லூரியில் தமிழ் படிக்கிறவன். விண்ணப்பத்தை நீயே எழுதிக்கொடு" என்றார். யானும் மகிழ்ந்து, முதுமையின் துயரையும் தொண்டின் சிறப்பையும் விரித்து நான்கு பக்கம் எழுதினேன். அதனைப் படித்த ஐயா கண்கலங்கினார். யான் உள்ளூரச் செருக்குற்றேன்.

விண்ணப்பத்தைப் பெற்ற அதிகாரி நான்கு பக்கத்தையும் பொறுமையோடு படித்தார். பின்னர், "தம்பி, எழுத்து நன்றாயிருக்கிறது. சென்ற மூன்றாண்டுகளின் தணிக்கை செய்த கணக்கு எங்கே? சங்கத்தின் தர்பண் எண் என்ன? மானியம் போக மீதிச் செலவை ஏற்பவர் யார்?" என்று வினவினார். எங்களிடம் விடையில்லை. வரவு செலவுச் சீட்டுக்கள் யாவும் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. ஒரு காசும் தவறாகச் செலவாகவில்லை என்பது ஊரறிந்த உண்மை. ஆனால் அதனை மெய்ப்பிக்கும் ஏடு இல்லை. அவ்வாண்டு மானியமும் இல்லையாயிற்று. அதிகாரியின்மீது குறைகூற யாதுமில்லை. குறை எங்களுடையதே. அன்று திரும்பிய பின்னர் யான் தேடிக் கற்றவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

மானியம் யாது?

நன்கொடை வேறு, கடன் வேறு, மானியம் வேறு. நன்கொடை கொடுப்பவன் தன் பொருளைத் தருகின்றான். அவன் விரும்பினால் கணக்குக் கேளாதும் விடலாம். கடன் திருப்பித் தரற்பாலது. மானியமோ, பொதுமக்கள் வரியாகச் செலுத்திய பொருளினின்றும் ஒரு குறித்த பொது நன்மைக்காக, குறித்த நிபந்தனையோடு அளிக்கப்படுவது. நிபந்தனைப்படி செலவிட்டால் திருப்ப வேண்டுவதில்லை. செலவிடாவிட்டால் திருப்பியே தீரவேண்டும். பாணனுக்குப் பரிசில் அளித்த மன்னன் தன் மனமுவந்து அளித்தான். பெற்றவன் புகழ்ந்து பாடியதே அதற்குக் கைம்மாறாக நின்றது. இக்காலத்து அரசாங்கம் அங்ஙனம் அளித்தல் இயலாது. கொடுக்கும் அதிகாரியும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவரே. ஆதலின், புகழுரை நிறைந்த என் நான்கு பக்கங்கள் அவருக்கு யாதும் பயன்படாதது வியப்பன்று.

இம்முறை நம்மனோர்க்குப் புதிதன்று. 1813 ஆம் ஆண்டின் சாசனச் சட்டம், இந்நாட்டில் கல்விக்கென ஆண்டுதோறும் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாது ஒதுக்க இடந்தந்தது. பின்னர், 1854 ஆம் ஆண்டு ஜூலை 19 ஆம் நாளிட்ட சார்லஸ் உட் என்பாரின் கல்வி அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு உதவி மானியம் அளிக்கும் முறையை வகுத்தது. அவ்வறிக்கை விதித்தவற்றை உற்றுநோக்குக: சமயவேறுபாடு கருதாது மானியம் அளித்தல், பள்ளியை நிலையாக நடத்தப் பொறுப்பேற்கும் உள்ளூரார் இருத்தல், அரசாங்க ஆய்வுக்கு உடன்படுதல், மாணவரிடம் சிறிதளவேனும் கட்டணம் பெறுதல், மானியம் பொதுச்செலவுக்கு ஆகாது குறித்த செலவுக்கே ஆதல். நம் மாநிலத்து மிஷன் பள்ளிகளும் கல்லூரிகளும் பல இம்முறையின் நிழலில் வளர்ந்தவை. 'உதவி பெறும் கல்லூரி' என்னும் பெயரை நாம் நாள்தோறும் கேட்கின்றோம். அவ்வுதவியின் பின்னே எத்தனை பதிவேடுகளும் ஆய்வுகளும் உள என்பதை நினைப்பவர் சிலரே.

இந்நாளில் ஒன்றிய அரசும் மாநில அரசுகளும் எந்தப் பொதுநோக்கத்திற்கும் மானியம் அளிக்கலாம் என்று அரசியலமைப்பின் 282 ஆம் உறுப்புக் கூறுகின்றது. ஒன்றிய அரசின் மானியங்களை ஆள்வன 2017 ஆம் ஆண்டு வெளியான பொது நிதி விதிகள். அவற்றுள் 228 ஆம் விதி முதலாக மானியம் பேசப்படுகின்றது. 170 ஆண்டுகளுக்கு முன் உட் அறிக்கை கேட்டவற்றையே, பொறுப்பேற்கும் ஆள், குறித்த நோக்கம், ஆய்வுக்கு உடன்பாடு என்னும் மூன்றையே, இவ்விதிகளும் விரிவாகக் கேட்கின்றன.

தேடுமுன் செய்யத்தக்கன

மானியம் தேடப் புறப்படுமுன் நிறுவனம் தன் வீட்டை ஒழுங்கு செய்தல் வேண்டும். முதலாவது, சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படும் உருவம். தமிழ்நாட்டில் சங்கமாயின் 1975 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படியோ, அறக்கட்டளையாயின் முறையாகப் பதிந்த ஆவணத்தாலோ, இலாபநோக்கற்ற கம்பெனியாயின் 2013 ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்து 8 ஆம் பிரிவின்படியோ அது நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். நல்லோர் பலர் கூடியிருத்தல் மட்டும் போதாது; அவர்தம் கூட்டம் ஒரு பெயரால் வழக்காடவும், பொருள் வைத்திருக்கவும், பொறுப்பேற்கவும் வல்லதாயிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, நிதி ஆயோகின் தர்பண் இணையதளத்தில் பதிந்து பெறும் தனி எண். தர்பண் என்னும் வடநாட்டுச் சொல்லுக்குக் கண்ணாடி என்பது பொருள். நிறுவனத்தின் பொறுப்பாளர் யார், அது செய்யும் பணி யாது என்பவற்றை அமைச்சகங்கள் அதன்வழியே காண்கின்றன. மூன்றாவது, நிறுவனத்தின் பெயரிலேயே அமைந்த வங்கிக் கணக்கு. காரியதரிசியின் சொந்தக் கணக்கு, அவர் எத்துணை நேர்மையாளராயினும், இதற்கு உதவாது. நான்காவது, ஆண்டுதோறும் பட்டயக் கணக்காளரால் தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கும் ஐந்தொகையும். பொது நிதி விதிகள் விண்ணப்பத்தோடு நிறுவனத்தின் துணைவிதிகளையும், தணிக்கைக் கணக்கையும், வருவாயின் மூலங்களையும் கேட்கின்றன. அஃதன்றி, இதே நோக்கத்திற்காக வேறோர் அமைச்சகத்திடமோ துறையிடமோ மானியம் பெறவில்லை, வேண்டவும் இல்லை என்னும் சான்றும் தரல் வேண்டும். ஒரே பசிக்கு இரண்டு இலை போடுதல் ஆகாது என்பது இதன் கருத்து.

இவை ஒரு வாரத்தில் முடிவன அல்ல. மூன்றாண்டுக் கணக்கு வேண்டுமாயின் மூன்றாண்டுகட்கு முன்பே அதற்குரிய பழக்கம் தொடங்கியிருத்தல் வேண்டும். மழை வந்தபின் ஏரிக்கரையை உயர்த்த முற்படுவார் உளரோ?

தேடும் முறை

அடுத்து, எங்கே தேடுவது? முதியோர், மாற்றுத்திறனாளிகள், மகளிர், குழந்தைகள், கல்வி, உடல்நலம் என ஒவ்வொரு பணிக்கும் ஒன்றிய அரசில் ஓர் அமைச்சகமும் மாநில அரசில் ஒரு துறையும் உண்டு. தம் பணி எத்துறையைச் சார்ந்தது என்பதை முதலில் தெளிக. பின்னர் அத்துறையின் இணையதளத்திலும், நாளிதழ் அறிவிப்புக்களிலும், மாவட்டத் தலைநகரிலுள்ள அலுவலகத்திலும் வினவுக. முதியோர் பணிக்கு மாவட்டச் சமூகநல அலுவலரையும், மாற்றுத்திறனாளிகள் பணிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் முதற்கண் கண்டு பேசுதல் நன்று.

சான்றாக, ஒன்றிய அரசின் சமூகநீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம் 1992 ஆம் ஆண்டு முதல் முதியோர்க்கெனத் திட்டமொன்றை நடத்தி வருகின்றது. அது இப்பொழுது அடல் வயோ அப்யுதய யோஜனா என்னும் பெருந்திட்டத்தின் ஓர் உறுப்பாயுளது. ஆதரவற்ற முதியோர் 25 பேர் வாழும் இல்லம் என்பது அதில் ஓர் அலகு. எங்கள் இல்லத்திலிருந்தோர் 23. காத்திருந்தோர் 2 என்பதை வாசகர் நினைவுகூர்க. அவ்விருவரையும் சேர்த்துக்கொள்வதற்காகவே அமைந்த அளவுபோல் அது எனக்குத் தோன்றியது.

ஒரு திட்டத்தின் வழிகாட்டு நெறிகளைப் படிக்குங்கால் ஐந்து வினாக்களைக் கையில் வைத்துக்கொள்க. யாருக்காக இம்மானியம்? எவ்வகை நிறுவனத்திற்கு உரியது? எச்செலவுகளை ஏற்கும், எவற்றை ஏற்காது? எவ்வளவு பங்கை நிறுவனமே ஏற்றல் வேண்டும்? விண்ணப்பம் யார் வழியாக, எந்நாளுக்குள் சேர்தல் வேண்டும்? இவ்வைந்தனுள் ஒன்றற்கேனும் பொருந்தாத விடை கிடைத்தால் விண்ணப்பத்தை எழுதாதிருத்தலே அறிவுடைமை. விண்ணப்பம் எழுதும் உழைப்பும் தொண்டினின்றும் எடுக்கப்பட்ட உழைப்பே அன்றோ? பெற்றுத் தருவதாகச் சொல்லிப் பங்கு கேட்கும் இடைத்தரகரையும் அறவே விலக்குக. மானியத்திற் பங்கு கொடுப்பவன் முதியோரின் கஞ்சியிற் பங்கு கொடுக்கின்றான்.

இங்கே ஒரு பெரிய சோதனை உண்டு. திட்டத்தின் நோக்கம் ஒன்றாகவும் நம் நோக்கம் மற்றொன்றாகவும் இருப்பின், பணத்தின்பொருட்டு நம் நோக்கத்தை மாற்றிக்கொள்ள மனம் தூண்டும். முதியோரைப் பேணும் சங்கம், பயிற்சிக்கு மானியம் உண்டு என்று கேட்டு, தையற்பொறி வாங்கிப் பயிற்சி நடத்தப் புகுமாயின், ஈராண்டில் பொறியும் துருப்பிடிக்கும், முதியோரும் புறக்கணிக்கப்படுவர். இது செருப்புக்காகக் காலை வெட்டுதலை ஒக்கும். முதலில் பணி, பின்னரே அப்பணிக்கேற்ற மானியம்.

திட்டமிடும் முறை

பொருத்தமான திட்டம் கிடைத்தபின் கணக்கிடத் தொடங்குக. தேவையை உணர்ச்சிச் சொற்களால் கூறாது எண்ணாற் கூறுக. 'முதியோர் பலர் துன்புறுகின்றனர்' என்பதினும், 'எம் ஊரில் இடம் வேண்டிப் பெயர் பதிந்து காத்திருப்போர் 2 பேர்' என்பது வலிமையுடையது. பின்னர்ச் செலவை இரண்டாகப் பகுக்க: கட்டில், பாத்திரம் போல ஒருமுறை வாங்குவன தொடராச் செலவு, உணவு, மருந்து, ஊதியம், வாடகை போல மாதந்தோறும் வருவன தொடர்செலவு. ஒருமுறை மானியத்தை நம்பித் தொடர்செலவை ஏற்றுக்கொள்ளுதல் பேரிடர் விளைக்கும். மானியம் நின்ற மாதம் சமையற்காரியின் ஊதியத்தை யார் தருவர்?

விளங்குதற்பொருட்டு ஒரு கற்பனைக் கணக்குக் காட்டுவேன். ஓர் இல்லத்தின் ஆண்டுச் செலவு ரூ. 15,00,000 எனக் கொள்வோம். அதனுள் திட்டம் ஏற்கும் இனங்கள் ரூ. 12,00,000, ஏற்காதன ரூ. 3,00,000. ஏற்கும் இனங்களில் நூற்றுக்கு 90 பங்கு மானியம் எனின் கிடைப்பது ரூ. 10,80,000. ஆகவே நிறுவனம் தானே தேடவேண்டியது, எஞ்சிய ரூ. 1,20,000 உம் ஏற்கப்படாத ரூ. 3,00,000 உம் சேர்ந்து ரூ. 4,20,000. 'நூற்றுக்குத் தொண்ணூறு' என்று கேட்டு மகிழ்ந்தவர், தம் பங்கு நூற்றுக்குப் பத்து என்று நினைப்பர். உண்மையில் அது 28.

காலத்தையும் எண்ணிப் பார்க்க. அரசாங்கத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிவது. விண்ணப்பம் ஆயப்பட்டு, நேரில் ஆய்வு நிகழ்ந்து, பரிந்துரை சென்று, ஒப்புதல் வந்து, தவணையாகப் பணம் சேர மாதங்கள் பல ஆகும். மேற்கூறிய இல்லத்துக்கு மானியம் 8 மாதம் கழித்து வருமாயின், அதற்குள் ரூ. 10,00,000 செலவாகியிருக்கும். அதனை ஊரார் நன்கொடையாலும் சேமிப்பாலும் ஈடுசெய்தல் வேண்டும். மானியம் பெறுவதற்கும் பொருள் வேண்டும் என்னும் இவ்வுண்மை கேட்பார்க்கு வியப்பாயிருக்கலாம்; நடத்துவார்க்கு அஃது அன்றாட அனுபவம். ஆதலின் மானியத்தை நோக்கி நடப்பவர் ஊராரை மறத்தல் ஆகாது. மாதம் நூறு ரூபாய் தரும் நூறு பேர் உள்ள இல்லம், ஒரு கையொப்பத்தையே நம்பி நிற்கும் இல்லத்தினும் உறுதியானது.

பெற்ற பின்

மானியம் பெற்றவுடன் முயற்சி முடிந்ததென எண்ணுவோர் ஏமாறுவர். பொது நிதி விதிகளின்படி, மானியம் பெறும் தனியார் நிறுவனத்தின் செயற்குழுவினர் கூட்டாகவும் தனித்தனியாகவும் உறுதிப்பத்திரம் எழுதித் தரல் வேண்டும். குறித்த நாளுக்குள் நிபந்தனைகளை நிறைவேற்றுவோம், பணத்தை வேறு வழியிற் செலுத்தோம், பணியைப் பிறரிடம் ஒப்படையோம் என்பன அதன் உள்ளுறை. தவறின், பணத்தை ஆண்டுக்கு நூற்றுக்கு 10 வட்டியோடு திருப்பித் தருதல் வேண்டும். நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் 12-ஏ என்னும் படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்புதல் வேண்டும். வங்கியில் மானியத்தொகை ஈட்டிய வட்டியும் அரசாங்கத்துக்கே உரியது. மானியத்தால் வாங்கிய பொருள்களை ஒப்புதலின்றி விற்றல் கூடாது. அவற்றுக்குத் தனிப் பதிவேடு வைத்தல் கடமை.

கணக்கு, கொடுத்த துறையின் ஆய்வுக்கும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கைக்கும் திறந்திருத்தல் வேண்டும். ஓராண்டில் 25 லட்ச ரூபாய்க்குக் குறையாத மானியம் பெற்று, அது தன் மொத்தச் செலவில் நூற்றுக்கு 75 க்குக் குறையாதிருக்கும் நிறுவனத்தின் வரவு செலவு முழுவதையும் தணிக்கை செய்ய 1971 ஆம் ஆண்டின் சட்டம் அவருக்கு அதிகாரம் அளிக்கின்றது. அதிகாரிகளோடும் இது நில்லாது. அரசாங்கப் பொருளால் கணிசமாக நடைபெறும் தன்னார்வ நிறுவனங்களும் 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டனவே என்று உச்சநீதிமன்றம் 2019 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் நின்றவை கல்லூரிகளும் பள்ளிகளும் நடத்தும் நிறுவனங்களே என்பது நாம் நினைக்கத்தக்கது. வரி கொடுத்த குடிமகன் 'என் பணம் என்னவாயிற்று?' என்று கேட்கும் உரிமையை அத்தீர்ப்பு உறுதிசெய்தது.

'இத்தனை தளைகளோடு இப்பணம் வேண்டுமா?' எனச் சிலர் வினவலாம். அவ்வினா நேரியதே. வேண்டா என்று முடிவு செய்யும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. ஆயின், கணக்கெழுதச் சோம்பி வேண்டாமென்று சொல்லி, அதனைத் துறவென்று கருதிக்கொள்ளுதல் தகாது. யாங்கள் அவ்வாறு சோம்பியிருந்தோம். தொண்டு செய்பவர்க்கு அன்பு போதும், ஏடு வேண்டா என்று நினைத்தோம். அன்புள்ளவன் ஏட்டையும் ஒழுங்காக எழுதுவான் என்பதை இப்பொழுது அறிகின்றேன். நாம் எழுதாது விட்ட வரி ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் உண்ணாது விட்ட வேளையாக முடிகின்றது.

அத்தகரப் பெட்டியைக் கொட்டி, சீட்டுக்களை நாள்வாரியாக அடுக்கி, கணக்காளர் ஒருவரின் துணையோடு மூன்றாண்டுக் கணக்கையும் முடிக்க எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று. சங்கத்துக்குத் தர்பண் எண் வந்தது. மீதிச் செலவை ஏற்க ஊரார் பலர் மாதந்தோறும் தருவதாகக் கையெழுத்திட்டனர். இவ்வாண்டு விண்ணப்பம் புதிதாக அனுப்பப்பட்டுள்ளது. அதில் முதுமையைப் பற்றிய வருணனை அரைப்பக்கமே, எஞ்சியவை எண்கள். அதிகாரி அதனைப் புரட்டிப் பார்த்து, "இப்பொழுது விண்ணப்பம் விண்ணப்பமாயிருக்கிறது, தம்பி" என்றார். முடிவு இன்னும் வரவில்லை.

காத்திருந்த மூதாட்டியர் இருவருள் ஒருவர் சென்ற மாரிக்காலத்தில் காலமானார். மற்றவருக்கு, ஊரார் தந்த முதல் மாதப் பணத்தைக் கொண்டு காரியதரிசி ஐயா இடங்கொடுத்துவிட்டார். இல்லத்தில் இப்பொழுது 24 பேர்.

கல்லூரியை விட்டு நீங்கிச் சபைகளிலும் சங்கங்களிலும் பொறுப்பேற்கப் போகும் நண்பர்காள், பழைய மாணவர்களாய் ஏற்கெனவே பொறுப்பேற்றிருக்கும் பெரியோர்காள், உங்கள் சங்கத்தின் தகரப் பெட்டியை இன்றே திறந்து பாருங்கள்.